தேர்தல் பத்திரம் ஒழிந்தது சரி, கட்சிகளுக்குச் செலவு வரம்பு எங்கே?

திருவல்லிக்கேணியான்:

2024 பிப்ரவரி 15 அன்று தேர்தல் பத்திரத் திட்டம் (யார் கொடுத்தது என்று மக்களுக்குத் தெரியாமல் கட்சிகளுக்கு நன்கொடை கொடுக்க எஸ்பிஐ வங்கி விற்ற பத்திரம்) செல்லாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னபோது இங்கே பாதிப் பேர் குதித்தோம். ஐந்து நீதிபதிகள், ஒருமித்த முடிவு. எஸ்பிஐ ஜூன் 30 வரை அவகாசம் கேட்டுப் பார்த்தது, நீதிமன்றம் மார்ச் 11 அன்று அதைத் தள்ளிவிட்டு மறுநாள் வேலைநேரம் முடிவதற்குள் விவரங்களைக் கொடு என்றது, 14ஆம் தேதி தேர்தல் ஆணையத்தின் தளத்தில் பட்டியல் வந்தது. யார் வாங்கினார்கள், யாருக்குப் போனது என்று நாலு நாள் டிவியில் ஓடியது. அப்புறம் தேர்தல் வந்தது, எல்லாம் மறந்துபோனது.

என் கேள்வி வேறு. பணம் எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொள்ள உரிமை உண்டு என்று நீதிமன்றம் சொன்னது. எவ்வளவு செலவழிக்கலாம் என்பதை அந்த வழக்கில் யாரும் கேட்கவில்லை, அதனால் பதிலும் இல்லை. 2022இல் உயர்த்திய கணக்குப்படி நம் ஊர் மாதிரி பெரிய மாநிலத்தில் மக்களவை வேட்பாளர் 95 லட்சம், சட்டமன்ற வேட்பாளர் 40 லட்சம்தான் செலவு செய்யலாம். அவர் நிற்கிற கட்சிக்கு? வரம்பு என்று ஒன்று சட்டத்திலேயே கிடையாது. ஒரு கட்சி ஆயிரம் கோடி செலவழித்தாலும் அது குற்றம் இல்லை. வேட்பாளருக்குப் பூட்டு போட்டுவிட்டுக் கட்சிக்குக் கதவையே கழற்றி வைத்தால் அந்தப் பூட்டு எதற்கு? சம வாய்ப்பு என்பது அரசியல் சட்டத்தின் அடிப்படை என்றால் இது எப்படி இத்தனை வருடம் நிற்கிறது?

வெட்டிப்பேச்சு:

40 லட்சமா? எங்கள் வார்டு கவுன்சிலர் தேர்தலுக்கே அது பத்தாது. நகைச்சுவைப் பகுதியில் போட வேண்டிய இழை.

மலைக்கோட்டை:

சிரிக்கிறதுக்கு முன்னாடி அந்த 40 லட்சம் எப்படி 'கணக்கில்' வருகிறது என்று பார்க்க வேண்டும் தம்பி. நான் ஒரு வேட்பாளருக்குச் செலவுக் கணக்கு எழுதிக் கொடுத்தவன், எந்தக் கட்சி, எந்தத் தொகுதி என்று கேட்காதீர்கள்.

வேட்புமனு போடுவதற்கு முந்தைய நாளாவது தனியாக ஒரு வங்கிக் கணக்கு திறந்திருக்க வேண்டும். அதிலிருந்துதான் செலவு. ஒரு ஆளுக்கு ரொக்கமாகப் பத்தாயிரத்துக்கு மேல் கொடுக்க முடியாது. மாவட்டத் தேர்தல் அலுவலர் ஒரு விலைப்பட்டியல் போடுவார்: நாற்காலி ஒன்றுக்கு இவ்வளவு, பந்தல் சதுர அடிக்கு இவ்வளவு, டீ இவ்வளவு, பிரியாணி இவ்வளவு. நாம் எந்த விலைக்கு வாங்கினாலும் கணக்கு அந்த விலைக்குத்தான். பிரச்சாரம் நடக்கும்போதே மூன்று முறை பதிவேட்டைக் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். அவர்கள் பக்கத்தில் ஒரு நிழல் பதிவேடு இருக்கும், வீடியோ எடுக்கிற குழு பார்த்ததை எல்லாம் அதில் ஏற்றியிருப்பார்கள். இரண்டும் ஒத்துப்போகவில்லை என்றால் நோட்டீஸ். முடிவு வந்து 30 நாளுக்குள் முழுக் கணக்கையும் கொடுக்கவில்லை என்றால் மூன்று வருடம் தகுதி நீக்கம் வரைக்கும் போகலாம். இதெல்லாம் விளையாட்டு இல்லை, சுயேச்சைகள் நிறைய பேர் இதில்தான் மாட்டுவார்கள், ஜெயிக்கிற ஆட்கள் மாட்ட மாட்டார்கள்.

ஏன் என்றால் பெரிய செலவு எதுவும் வேட்பாளர் பெயரில் இருக்காது. தலைவர் ஹெலிகாப்டரில் வந்தால் அது 'நட்சத்திரப் பேச்சாளர்' பயணச் செலவு. அங்கீகரிக்கப்பட்ட கட்சிக்கு 40 பேர் வரை பட்டியல் கொடுக்கலாம், அந்தப் பயணம் வேட்பாளர் தலையில் ஏறாது. ஆனால் வேட்பாளர் அதே மேடையில் ஏறினால், அவர் பேரையோ படத்தையோ போட்டால், கூட்டச் செலவில் பங்கு அவர் கணக்குக்கு வந்துவிடும். அதனால் என்ன செய்வார்கள்? தலைவர் சின்னத்துக்கு மட்டும் ஓட்டுக் கேட்டுவிட்டுப் போவார், வேட்பாளர் மேடைக்குக் கீழே வேனில் நிற்பார். மக்களுக்கு யார் வேட்பாளர் என்று தெரியாதா என்ன.

திருவல்லிக்கேணியான்:

அண்ணே, இதைத்தான் கேட்கிறேன். சட்டத்தில் இந்த ஓட்டையைப் போட்டது யார்?

சட்டக்கல்லூரி மாணவி:

இதற்கு ஒரு பழைய கதை இருக்கிறது, தேர்வுக்காகப் படித்தது மறக்கவில்லை.

1974இல் கன்வர்லால் குப்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகவே சொல்லிவிட்டது: ஒரு வேட்பாளரை ஜெயிக்க வைக்க அவர் கட்சி செலவு செய்து, அவரும் அதைத் தெரிந்து ஏற்றுக்கொண்டால் அதுவும் அவர் செலவுதான். இல்லையென்றால் வரம்புக்கே அர்த்தம் இல்லை, பணக்காரக் கட்சிக்கும் ஏழைக் கட்சிக்கும் போட்டி சமமாக இருக்காது. தீர்ப்பு வந்த அதே மாதத்தில் அவசரச் சட்டம். மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 77ஆம் பிரிவில் 'விளக்கம் 1' என்று ஒன்றைச் சேர்த்து, கட்சியோ வேறு யாரோ செய்கிற செலவு வேட்பாளர் செலவு ஆகாது என்று எழுதிவிட்டார்கள். இந்திரா காந்தி ஆட்சி. அதை எதிர்த்து டாக்டர் நல்லதம்பி தேரா என்பவர் உச்ச நீதிமன்றம் வரை போனார். 1985இல் நீதிமன்றம், பணத்தின் ஆதிக்கம் கவலைதான், ஆனால் விளக்கம் செல்லும் என்று முடித்துவிட்டது. 2003இல் விளக்கத்தைச் சுருக்கித் தலைவர்களின் பயணச் செலவுக்கு மட்டும் விலக்கு என்று ஆக்கினார்கள், மலைக்கோட்டை ஐயா சொன்ன 40 பேர் பட்டியல் அதில் வந்ததுதான். ஆனால் கட்சி தன் பெயரில் பொதுவாகச் செய்யும் விளம்பரத்துக்கு வரம்பு அப்போதும் வரவில்லை, இப்போதும் இல்லை.

இதில் எனக்குப் பிடிபடுகிற விஷயம் ஒன்றுதான். ஒவ்வொரு முறையும் விதியை எழுதுகிறவர்கள் அந்த விதிக்குக் கட்டுப்பட வேண்டியவர்கள். தன் வழக்கில் தானே நீதிபதியாக இருக்கக்கூடாது என்பது சட்டத்தின் பால பாடம். வேறு எந்த விஷயத்திலும் நாடாளுமன்றம் சட்டம் போடுவதில் எனக்குத் தகராறு இல்லை, தேர்தல் பணத்தில் மட்டும் எல்லாக் கட்சிகளும் ஒரே தரப்பு.

வெட்டிப்பேச்சு:

அப்போ யார் எழுதணும்? நீதிபதிகளா? அவர்களை யார் தேர்ந்தெடுத்தது?

சட்டக்கல்லூரி மாணவி:

நீதிபதிகள் எழுதட்டும் என்று நான் எங்கே சொன்னேன்? சட்டம் நாடாளுமன்றம்தான் போட வேண்டும். ஆனால் போடுகிற முறை ஒழுங்காக இருக்க வேண்டும். பத்திரச் சட்டம் வந்த வழியைப் பாருங்கள். 2017 நிதி மசோதாவுக்குள் செருகினார்கள். ரிசர்வ் வங்கிச் சட்டம், மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், வருமான வரிச் சட்டம், கம்பெனிச் சட்டம், நான்கையும் திருத்துகிற விஷயம் எப்படி அரசியல் சட்டம் 110ஆம் பிரிவின்படி பண மசோதா ஆகும்? பண மசோதா என்றால் மாநிலங்களவை பரிந்துரை மட்டும்தான் செய்யலாம், மக்களவை கேட்கலாம், கேட்காமலும் போகலாம். அப்போது மாநிலங்களவையில் ஆளுங்கட்சிக்குப் பெரும்பான்மை இல்லை என்பதையும் சேர்த்துப் படித்துக்கொள்ளுங்கள்.

மாநிலங்களவை ஐந்து திருத்தம் சொல்லி அனுப்பியது. கம்பெனி நன்கொடைக்கு லாபத்தில் 7.5 சதவீதம் என்ற பழைய வரம்பு இருக்கட்டும், எந்தக் கட்சிக்குக் கொடுத்தோம் என்று கம்பெனி வெளியே சொல்லட்டும் என்பதும் அதில் உண்டு. மக்களவை ஐந்தையும் மறுநாளே நிராகரித்துவிட்டது. ஏழு வருடம் கழித்து உச்ச நீதிமன்றம் எதைத் தவறு என்று சொன்னதோ அதைத்தான் மாநிலங்களவை அன்றைக்கே சொன்னது. இரண்டு அவை வைத்திருப்பது எதற்காக என்று கேட்கிறவர்களுக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடையாது. வருத்தம் என்னவென்றால், பண மசோதா கேள்வியை மட்டும் 2024 தீர்ப்பு தொடவில்லை, அது பெரிய அமர்வின் முன் நிலுவையில் இருக்கிறது.

பென்ஷன்தாரர்:

வங்கியில் காலம் தள்ளியவன் என்பதால் ஒரு வார்த்தை. (பத்திரம் விற்ற வங்கியில் இல்லை, முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.)

'பெயர் வெளியே தெரியாத பத்திரம்' என்ற பேச்சே சரியில்லை. பெயர் பொதுமக்களுக்குத் தெரியாது, அவ்வளவுதான். வாங்குகிறவர் கேஒய்சி கொடுத்து, காசோலையிலோ கணக்கிலிருந்தோதான் வாங்கினார். ஆயிரம், பத்தாயிரம், ஒரு லட்சம், பத்து லட்சம், ஒரு கோடி என ஐந்து வகை. 15 நாளுக்குள் கட்சி பணமாக்க வேண்டும். விற்பதும் எஸ்பிஐ, பணமாக்குவதும் எஸ்பிஐ. இரண்டு பக்கமும் ஒரே வங்கியில் இருக்கும்போது இணைத்துப் பார்க்க முடியாது என்று எந்த வங்கிக்காரனும் நம்ப மாட்டான். 2018இலேயே ஒரு செய்தியாளர் ஆயிரம் ரூபாய்ப் பத்திரம் வாங்கி ஆய்வகத்தில் கொடுத்துப் பார்த்தார், புற ஊதா ஒளியில் மறைவாக ஒரு எண் தெரிந்தது. கடைசியில் 2024 மார்ச்சில் நீதிமன்றம் அந்த எண்களையும் கொடு என்று அதட்டியபோதுதான் எந்தப் பத்திரம் எந்தக் கட்சிக்குப் போனது என்று பொருத்திப் பார்க்க முடிந்தது.

ஆகவே நன்கொடையாளர் யார் என்பது அரசு நினைத்தால் தெரியும், எதிர்க்கட்சிக்குத் தெரியாது, நமக்குத் தெரியாது. ரிசர்வ் வங்கி 2017 ஜனவரியிலேயே வேண்டாம் என்று எழுதியது. தேர்தல் ஆணையம் மே மாதம் சட்ட அமைச்சகத்துக்கு எழுதியது. இரண்டு அமைப்பும் எழுதின, இரண்டு கடிதமும் கோப்பில் தூங்கின. இந்த மாதிரி அமைப்புகள் பல்லில்லாமல் இருப்பது பற்றித் தனி இழையே போடலாம்.

எடிசன் தமிழன்:

அமெரிக்காவில் இருந்துகொண்டு நான் இதில் மூக்கை நுழைக்கிறேன், மன்னிக்கவும். இங்கே நிலைமை தலைகீழ், அதனால் ஒப்பிட்டுப் பார்க்க உதவும்.

1976இல் பக்லி வழக்கில் இங்கே உச்ச நீதிமன்றம் என்ன சொன்னது என்றால், நன்கொடைக்கு வரம்பு போடலாம், செலவுக்குப் போட முடியாது, ஏனென்றால் செலவு செய்வது பேச்சுரிமையின் பகுதி. 2010இல் சிட்டிசன்ஸ் யுனைடெட் வழக்கில் ஒரு படி மேலே போய் நிறுவனங்களும் தனியாகச் செய்கிற தேர்தல் செலவுக்குத் தடை போட முடியாது என்றார்கள், 5க்கு 4. ஆனால் அதே தீர்ப்பில், பணம் யார் கொடுத்தது என்று வெளியிட வேண்டும் என்ற விதியை 8க்கு 1 என்று காப்பாற்றினார்கள். அதை நிறைய பேர் மறந்துவிடுகிறார்கள். 200 டாலருக்கு மேல் ஒரு வேட்பாளருக்குக் கொடுத்தால் என் பெயர், ஊர், வேலை எல்லாம் இங்கே உள்ள தேர்தல் ஆணையத்தின் தளத்தில் வந்துவிடும், பக்கத்து வீட்டுக்காரர் தேடிப் பார்க்கலாம். வேட்பாளருக்கு நேரடியாகக் கம்பெனி பணம் கொடுப்பது 1907 முதல் தடை.

அப்படி இருந்தும் என்ன ஆனது? சூப்பர் பேக் என்று ஒன்று வந்தது, வேட்பாளரோடு சேராமல் தனியாகப் பிரச்சாரம் செய்கிற அமைப்பு, வரம்பே இல்லாமல் வாங்கிச் செலவழிக்கலாம். அதற்குப் பின்னால் லாப நோக்கமற்ற அமைப்பு ஒன்றை நிறுத்திவிட்டால் நன்கொடையாளர் பெயரும் மறைந்துவிடும். இந்தியத் தீர்ப்பைப் படித்தபோது எனக்கு ஒன்றில் பொறாமையாகவே இருந்தது. அங்கே நீதிமன்றம் கேள்வியை வாக்காளர் பக்கம் நின்று கேட்டிருக்கிறது. இங்கே எல்லாமே பணம் கொடுப்பவரின் பேச்சுரிமை. அங்கே பேச்சுரிமை தருகிற 19(1)(ஏ) பிரிவு என்பது தெரிந்துகொண்டு ஓட்டுப் போடுகிற உரிமை. 2002இல் வேட்பாளரின் சொத்து, வழக்கு விவரங்களை வெளியிட வேண்டும் என்று, தேர்தல் சீர்திருத்தம் கேட்கிற ஏடிஆர் அமைப்பு வாங்கிய தீர்ப்பின் நீட்சிதானே இது?

சட்டக்கல்லூரி மாணவி:

ஆமாம் அண்ணா, அதே ஏடிஆர். சொத்து விவரத் தீர்ப்பையும் நாடாளுமன்றம் சட்டம் போட்டு முறியடிக்கப் பார்த்தது, 33பி என்று ஒரு பிரிவு, 2003இல் அதையும் நீதிமன்றம் ரத்து செய்தது. வேட்புமனுவோடு இன்று வரும் பிரமாணப் பத்திரம் இப்படிச் சண்டை போட்டு வந்ததுதான்.

2024 தீர்ப்பில் எனக்கு முக்கியமாகப் பட்டது சமத்துவம் பற்றிய 14ஆம் பிரிவு பகுதி. நன்கொடையாளருக்குத் தனியுரிமை உண்டு என்ற வாதத்தை நீதிமன்றம் அப்படியே தூக்கி எறியவில்லை. ஒருவர் தன் அரசியல் சார்பைக் காட்டிக்கொள்ளாமல் சிறு தொகை கொடுப்பதற்குப் பாதுகாப்பு உண்டு என்றது. ஆனால் கொள்கை முடிவை வளைக்கக் கொடுக்கிற பணத்துக்கு அந்தப் போர்வை கிடையாது. கம்பெனியையும் தனிமனிதரையும் ஒரே தட்டில் வைக்க முடியாது, கம்பெனி கொடுப்பது பெரும்பாலும் வியாபாரம். லாபம் வரும் கம்பெனி, நட்டத்தில் ஓடும் கம்பெனி என்ற வித்தியாசம்கூட இல்லாமல் எவ்வளவு வேண்டுமானாலும் கொடுக்கலாம் என்று 2017இல் திருத்தியது அப்பட்டமான தன்னிச்சை என்றது. ஒருவருக்கு ஒரு ஓட்டு என்ற சமத்துவத்தைப் பணம் உடைக்கிறது என்கிற சிந்தனை அதில் இருக்கிறது. திருவல்லிக்கேணியான் கேட்ட செலவு வரம்புக்கு வழி அங்கேதான் திறக்கும் என்று நினைக்கிறேன். யாராவது வழக்குப் போட வேண்டும்.

கொங்குப் பையன்:

எல்லாம் சரி, ஊர்க்கதைக்கு வருவோமா? பட்டியலில் முதல் இடம் எங்கள் கோயம்புத்தூர் லாட்டரி கம்பெனிக்கு, 1368 கோடி. தமிழ்நாட்டில் 2003இலேயே லாட்டரிக்குத் தடை. வேறு மாநிலங்களில் விற்ற சீட்டுப் பணம், மேற்கு வங்கத்தில் திரிணாமுலுக்கு, இங்கே திமுகவுக்கு, இன்னும் பல கட்சிக்கு. இந்தக் கம்பெனியிடம் மட்டும் திமுக வாங்கியது 509 கோடி, அவர்களே ஆணையத்திடம் சொன்னது. இதுக்கு என்ன பதில்?

மலைக்கோட்டை:

திமுகவும் அதிமுகவும் யார் கொடுத்தது என்று பெயர் சொல்லிவிட்டன என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். பாஜகவும் காங்கிரஸும் சொல்லவில்லை. ஐக்கிய ஜனதா தளம் சொன்னதுதான் உச்சம்: பாட்னா அலுவலகத்துக்கு யாரோ வந்து ஒரு உறையைக் கொடுத்தார்கள், திறந்தால் உள்ளே ஒவ்வொன்றும் ஒரு கோடி மதிப்பில் பத்துப் பத்திரம், யார் என்று தெரியாது, கேட்டுக்கொள்ளவும் இல்லை. எங்கள் ஒன்றிய அலுவலகத்துக்கு ஒரு நாளும் அப்படி யாரும் வந்ததில்லை.

கொங்குப் பையன்:

பெயர் சொன்னால் சுத்தமாகிவிடுமா?

வெட்டிப்பேச்சு:

2019 ஏப்ரலில் இருந்து பாஜக 6000 கோடிக்கு மேல். அதை விட்டுவிட்டு 509ஐப் பிடித்துத் தொங்குங்கள்.

நிர்வாகி:

கட்சிச் சண்டை வேண்டாம். இழை விதிகளைப் பற்றியது. அடுத்து 'உன் கட்சி, என் கட்சி' என்று வருகிற பதிவுகளை நீக்கிவிடுவேன்.

பென்ஷன்தாரர்:

கொங்குத் தம்பியின் கேள்வி நியாயமான கேள்விதான், நிர்வாகி ஐயா. பெயர் சொன்னால் சுத்தமாகாது. ஆனால் பெயர் தெரிந்ததால்தான் தம்பி இந்தக் கேள்வியையே கேட்க முடிகிறது.

மார்க்சிஸ்ட் கட்சி பத்திரமே வாங்கவில்லை, வழக்கிலும் மனுதாரர். அதற்காக ஒரு கும்பிடு. ஆனால் 2013இல் மத்தியத் தகவல் ஆணையம் ஆறு தேசியக் கட்சிகள் தகவல் உரிமைச் சட்டத்துக்குள் வரும் என்று உத்தரவு போட்டபோது ஆறு கட்சிகளில் ஒன்றுகூடக் கீழ்ப்படியவில்லை, மார்க்சிஸ்டுகள் உட்பட. பத்திரம் என்றால் வெளிப்படைத்தன்மை வேண்டும், எங்கள் அலுவலகக் கோப்பு என்றால் வேண்டாம். வெளிநாட்டு நன்கொடை விஷயத்தில் இன்னும் மோசம். 2014இல் தில்லி உயர் நீதிமன்றம் பாஜக, காங்கிரஸ் இரண்டுமே வெளிநாட்டு நிறுவனத் தொடர்புள்ள பணம் வாங்கிச் சட்டத்தை மீறின என்றது. பதிலுக்குச் சட்டத்தை முன்தேதியிட்டுத் திருத்தினார்கள், முதலில் 2010 வரைக்கும் பின்னோக்கி, பிறகு 2018இல் 1976 வரைக்கும். என் பென்ஷன் கணக்கில் ஒரு எழுத்துப் பிழை திருத்த இத்தனை அக்கறை காட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

திருவல்லிக்கேணியான்:

மறுபடி வரம்புக்கு வருகிறேன். மாணவி சொன்ன வழி சரி, ஆனால் நடைமுறையில் வரம்பு போட்டால் கணக்கில் வராத பணம் இன்னும் கூடும் என்று ஒரு வாதம் உண்டே? இப்போதே 40 லட்சம் என்பது பொய்க் கணக்கு. கட்சிக்கும் ஒரு பொய்க் கணக்கு சேரும்.

மலைக்கோட்டை:

அந்த வாதத்தை எப்போதும் செலவழிக்க முடிந்தவர்கள்தான் சொல்கிறார்கள், கவனித்திருக்கிறீர்களா?

பட்டுவாடா வேறு, பிரச்சாரச் செலவு வேறு. ஓட்டுக்குப் பணம் கொடுப்பதற்கு எந்த வரம்பும் பயன்படாது, அது ஏற்கனவே குற்றம். திருமங்கலம் 2009 இடைத்தேர்தலுக்குப் பிறகு நம் ஊர் பெயரையே ஒரு 'ஃபார்முலா' ஆக்கிவிட்டார்கள். 2016இல் அரவக்குறிச்சியும் தஞ்சாவூரும் ரத்து, 2017 ஏப்ரலில் ஆர்.கே. நகர் ரத்து, 2019இல் வேலூர் மக்களவைத் தேர்தலே ரத்து. பணப் பட்டுவாடாவுக்காக ஒரு மக்களவைத் தேர்தல் ரத்தானது நாட்டிலேயே அதுதான் முதல் முறை. இதில் வேடிக்கை, வாக்குச்சாவடியைக் கைப்பற்றினால் தேர்தலை ரத்து செய்யச் சட்டத்தில் 58ஏ என்று தனிப் பிரிவு இருக்கிறது. பணத்துக்கு அப்படி ஒரு பிரிவு கிடையாது. அரசியல் சட்டம் 324ஆம் பிரிவின் பொது அதிகாரத்தைப் பிடித்துக்கொண்டுதான் ரத்து செய்கிறார்கள். ரத்து செய்து, சில மாதம் கழித்து அதே ஆட்களே நிற்க, மறுபடி தேர்தல். பணம் கொடுத்தவர் நிற்கக்கூடாது என்று அந்த உத்தரவில் ஒரு வரி கிடையாது.

நான் கேட்பது பிரச்சாரச் செலவுக்கு வரம்பு. டிவி விளம்பரம், நாளிதழ் முதல் பக்கம், சமூக ஊடக விளம்பரம், ஹெலிகாப்டர், தனி விமானம். இது ஒன்றும் டோக்கன் மாதிரி இருட்டில் நடப்பதில்லை. பில் இருக்கும், ஜிஎஸ்டி இருக்கும். இதை எண்ண முடியாது என்றால் நம்ப முடியவில்லை.

எடிசன் தமிழன்:

பிரிட்டனில் கட்சிக்கே தேசிய அளவில் வரம்பு இருக்கிறது, 2000ஆம் ஆண்டுச் சட்டத்தில் இருந்து. அங்கே ஜனநாயகம் செத்துவிடவில்லை.

சட்டக்கல்லூரி மாணவி:

ஜெர்மனியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அவர்களின் அரசியல் சட்டம் 21ஆம் பிரிவிலேயே கட்சிகள் தங்கள் பணம் எங்கிருந்து வந்தது, எப்படிச் செலவானது, சொத்து எவ்வளவு என்று மக்களுக்குக் கணக்குக் காட்ட வேண்டும் என்று எழுதியிருக்கிறது. பணக்காரத் தொழிலதிபர்கள் ஹிட்லருக்குப் பணம் கொடுத்ததைப் பார்த்தவர்கள் அவர்கள். நம் அரசியல் சட்டத்தில் 1985 வரை 'அரசியல் கட்சி' என்ற சொல்லே கிடையாது, கட்சித் தாவல் தடைக்காகப் பத்தாவது அட்டவணை வந்தபோதுதான் உள்ளே நுழைந்தது. அதுவும் எம்எல்ஏ கட்சிக்குக் கட்டுப்பட வேண்டும் என்பதற்காக. கட்சி மக்களுக்குக் கட்டுப்பட வேண்டும் என்று ஒரு வரியும் இல்லை. சுதந்திரமான, நியாயமான தேர்தல், நாடாளுமன்றமும் மாற்ற முடியாத அடிப்படைக் கட்டமைப்பில் சேரும் என்று 1975இல் இந்திரா காந்தி - ராஜ் நாராயண் வழக்கிலேயே சொல்லியாகிவிட்டது, ஆனால் அந்தத் தேர்தலை நடத்துகிற வண்டியான கட்சியைப் பற்றி அரசியல் சட்டம் மௌனம். என்னைக் கேட்டால் திருத்த வேண்டிய இடம் அதுதான்.

கொங்குப் பையன்:

கேட்க நன்றாக இருக்கிறது மேடம். கட்சிக் கணக்கைச் சோதிக்கிற அதிகாரம் யார் கையில் இருக்கும்? 2024 தேர்தலுக்கு முன் காங்கிரஸ் வங்கிக் கணக்குகளை வருமான வரித்துறை முடக்கியது, பழைய வரிப் பாக்கி என்று 135 கோடி எடுத்துக்கொண்டது. அதில் சட்டப்படி சரி எது, தப்பு எது என்பதை விடுங்கள், தேர்தல் நேரத்தில் பெரிய எதிர்க்கட்சி டிக்கெட் வாங்கக்கூடக் காசில்லை என்று பேட்டி கொடுக்கும் நிலை. கட்சிகளை இன்னும் இறுக்கிப் பிடிக்கச் சட்டம் போட்டால் அந்தக் கயிறு முதலில் எதிர்க்கட்சி கழுத்தில்தான் விழும். யார் ஆட்சியில் இருந்தாலும்.

திருவல்லிக்கேணியான்:

இது உண்மையான சிக்கல். தேர்தல் ஆணையத்திடம் கொடுக்கலாம் என்றால், ஆணையர்களை யார் நியமிக்கிறார்கள்? 2023 மார்ச்சில் அனூப் பரன்வால் வழக்கில் பிரதமர், எதிர்க்கட்சித் தலைவர், தலைமை நீதிபதி மூவர் குழு என்று உச்ச நீதிமன்றம் சொன்னது, நாடாளுமன்றம் சட்டம் போடும் வரைக்கும் என்ற நிபந்தனையோடு. டிசம்பரிலேயே சட்டம் வந்துவிட்டது, தலைமை நீதிபதி இடத்தில் பிரதமர் சொல்கிற ஒரு அமைச்சர். மூன்றில் இரண்டு ஓட்டு அரசிடம். ஆக, 1974இல் நடந்ததேதான் மறுபடியும்: தீர்ப்பு, உடனே சட்டம்.

மாணவியிடம் ஒரு கேள்வி. நடுவரை நியமிக்கிற முறை சரியாகாமல் கட்சிக்கு வரம்பு கேட்பது சரியா? வரிசை எது முதலில்?

சட்டக்கல்லூரி மாணவி:

நியமனம் முதலில். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. நடுவர் ஒரு பக்கத்து ஆள் என்றால் விதி எவ்வளவு நல்லதாக இருந்தாலும் அது ஆயுதம்தான்.

ஆனால் அதுவரை ஒன்றுமே செய்ய முடியாது என்பதை ஏற்க மாட்டேன். சோதிக்கிற அதிகாரம் தேவைப்படாத சீர்திருத்தம் ஒன்று இருக்கிறது: வெளியிடு. இருபதாயிரத்துக்கு மேல் கொடுத்தவர் பெயர் மட்டும் சொன்னால் போதும் என்ற இப்போதைய விதியில் ஒரே ஆள் பத்தொன்பதாயிரம் பத்தொன்பதாயிரமாக எத்தனை முறை கொடுத்தாலும் பெயர் வராமல் பார்த்துக்கொள்ள முடிகிறது. ஒருவர் ஆண்டு முழுவதும் கொடுத்ததைக் கூட்டிப் பார்க்க வேண்டும் என்று சட்ட ஆணையம் 2015இல் 255ஆம் அறிக்கையில் சொன்னது. அதை யாரும் எடுத்து நடத்தவில்லை. ரொக்கத்தில் தனிநபர் வரம்பை 2000 ஆக்கினார்கள், பெருமையாகச் சொல்லிக்கொண்டார்கள், மொத்த ரொக்கத்துக்கு வரம்பு இல்லை. இதற்கெல்லாம் அதிகாரி யாரையும் மிரட்ட வேண்டாம், பட்டியலை வெளியிட்டால் போதும், மிச்சத்தை நாங்கள் பார்த்துக்கொள்வோம்.

வெட்டிப்பேச்சு:

பத்திரம் போனதால் எல்லாம் இப்போது தேர்தல் அறக்கட்டளை வழியாகப் போகிறது. கம்பெனி அறக்கட்டளைக்குக் கொடுக்கும், அறக்கட்டளை கட்சிக்குக் கொடுக்கும். அதிலும் பெரும்பங்கு ஆளுங்கட்சிக்குத்தான். என்ன மாறியது?

பென்ஷன்தாரர்:

அறக்கட்டளை 2013 திட்டம். வாங்கியதில் 95 சதவீதத்தை அந்த ஆண்டே கட்சிகளுக்குக் கொடுத்துவிட வேண்டும், யார் கொடுத்தார், யாருக்குப் போனது என்று ஆணையத்துக்கு அறிக்கை கொடுக்க வேண்டும். பத்துக் கம்பெனி ஒரே அறக்கட்டளையில் கொட்டினால் எந்தக் கம்பெனி பணம் எந்தக் கட்சிக்கு என்று பிரிக்க முடியாது, அது குறைதான். ஆனாலும் பத்திரக் காலத்தில் இந்தப் புலம்பலைப் புலம்பக்கூட நமக்குத் தகவல் இருக்கவில்லை.

மலைக்கோட்டை:

அரசே தேர்தல் செலவைக் கொடுக்கட்டும் என்று இந்திரஜித் குப்தா குழு 1998இல் சொன்னது, அதுவும் ரொக்கமாக இல்லை, பொருளாக. எரிபொருள், தாள், தொலைபேசி, ஒலிபெருக்கி இந்த மாதிரி. அதைக் கையில் எடுக்கலாமே என்று யாராவது கேட்பீர்கள் என்று காத்திருந்தேன். என் அனுபவத்தில் அதுவும் சுயேச்சைக்கும் சின்னக் கட்சிக்கும் உதவாது, அங்கீகரிக்கப்பட்ட கட்சிக்குத்தான் என்று குழுவே சொல்லிவிட்டது. உள்ளே இருப்பவர்களுக்கு மட்டும் சாப்பாடு.

கொங்குப் பையன்:

சரி, நன்கொடை அறிக்கையைச் சாதாரண ஆள் பார்க்க முடியுமா, இல்லை அதற்கும் வழக்குப் போட வேண்டுமா?

சட்டக்கல்லூரி மாணவி:

பார்க்கலாம். படிவம் 24ஏ என்று பெயர், தேர்தல் ஆணையத் தளத்தில் கட்சிவாரியாக, ஆண்டுவாரியாக இருக்கும். கொடுத்தவர் பெயர், முகவரி, தொகை, எந்த வழியில் கொடுத்தார் எல்லாம் அதில் வரும். கொடுக்காத கட்சிக்கு வரிவிலக்கு போகும் என்பதால் பெரிய கட்சிகள் கொடுத்துவிடும். பல அறிக்கைகள் தாளை ஸ்கேன் செய்து போட்டவை, தேட முடியாது, உட்கார்ந்துதான் படிக்க வேண்டும்.

கொங்குப் பையன்:

எத்தனை பக்கம் இருக்கும்?

மலைக்கோட்டை:

கட்சியைப் பொறுத்தது. நீங்கள் கோயம்புத்தூர் முகவரிகளைப் பாருங்கள் தம்பி, திருச்சியை நான் எடுத்துக்கொள்கிறேன். ஒரே குடும்பத்தில் நாலு பேர் ஒரே நாளில் கொடுத்திருந்தால் அதைத் தனியாகக் குறித்து வையுங்கள், இங்கே போடலாம். வீட்டு முகவரியை மட்டும் போடாதீர்கள், நிர்வாகி நீக்கிவிடுவார்.